நடு ஆடவேண்டும்

அரைக்கிலோ பொதி ஒன்றைக்
கண்ணாடி அலுமாரிமேல் வைத்துவிட்டு
டெக்சாஸ்காரி போய்விட்டாள்.
கல்யாண நாளாம்.
நாளை மாலை ஆறு மணிக்கு, கெஸ்ட்ஹவுசுக்கு,
ஒரே ஒரு பை.

றிஸ்மி முதலாளி பொதியைக் குலுக்கிப் பார்த்தார்.
"இதென்ன, கால் இல்லாத கரப்பானா?"
பீக்கான் என்றேன்,
உறையில் இருந்ததை எழுத்துக் கூட்டி.
"எண்ணி வை," என்றார்.

எண்ணினேன். முன்னூற்றுப் பதினொன்று.

எண்ணும் வீட்டில் பிறந்தவள் நான்.
அக்கா தெரேசா இன்னும் கொழுந்து மலையில்.
இருபது கிலோவுக்கு ஒரு பேர்,
பத்தொன்பதரை என்றால் அரைப்பேர்,
ஈரத்துக்கென்று கழிப்பது தனி.
இது காய்ந்த கொட்டை, ஈரம் இல்லை.
ஆனாலும் ஒன்றைக் கழித்தேன், வாய்க்குள்.
முதலில் பட்டர்.
பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கயர்ப்பு.
பிறகு ஒன்றுமில்லை,
முன்னூற்றுப் பத்து.

செய்முறையை அவளே எழுதித் தந்திருந்தாள்.
சோளப்பாகு ஒரு கோப்பை.
அப்புத்தளையில் சோளம் உண்டு,
அவித்து, உப்புத் தடவி, ரயில் ஜன்னலுக்கு நீட்டுவார்கள்.
பாகாக்கியவர் யாருமில்லை.
கித்துள் பாணிப் போத்தலை எடுத்தேன்.
கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்:
ஓரம் இறுகவேண்டும்,
நடு ஆடவேண்டும்,
அப்போது எடுக்கவும்.

அவளுடைய கொட்டையில் கைபழகப் பயம்.
முதல் பை கச்சானில்.

விடியற்காலை, பாண் எல்லாம் வெளியே வந்து
போறணைச் சூடு இறங்கும் நேரம்
தட்டை உள்ளே தள்ளினேன்.
அரை மணி கழித்து மூடியைத் திறந்தால்
நடு ஆடுகிறது.
ஓரமும் ஆடுகிறது.
தட்டு ஆடுகிறது, அலுமாரிக் கண்ணாடி ஆடுகிறது,
முட்டைக் கோதுகள் வாளிக்குள் கலகலக்கின்றன.
கொழும்பு மெயில் ஸ்டேஷனுக்குள் வந்துகொண்டிருந்தது.

ரயில் வந்தால் வெந்ததும் ஆடும், வேகாததும் ஆடும்.
இதை அந்தத் தாள் சொல்லவில்லை.
மூடியைப் பிடித்தபடி நின்றேன்,
அது தியத்தலாவைப் பக்கம் போய்த் தொலையும்வரை.
பனி ஷட்டருக்கு அடியால் உள்ளே ஊர்ந்தது.
எல்லாம் அடங்கியபின்
நடுவில் மட்டும் ஒரு மெல்லிய அசைவு.
எடுத்தேன்.

பீக்கான் பை மாலை போனது,
சுமணதாசவின் ஆட்டோவில், அவர் மடியில்,
ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனார்.
பேச்சில்லை.
மறுநாள் தட்டு கழுவித் திரும்பி வந்தது,
அதற்குள் ஆயிரம் ரூபா நோட்டு ஒன்று, ஈரமாக.
கோப்பியோடு சாப்பிட்டார்களா,
பாதியில் சண்டை பிடித்தார்களா, தெரியாது.
மிஞ்சிய கொட்டைகளை
அவள் கேட்டு வாங்கிப் போய்விட்டாள்.

கச்சான் பை காலை ஏழுக்கே முடிந்திருந்தது.
பாண் கொண்டுபோகும் பொடியன்கள்,
போர்ட்டர் ஒருவர்,
சுமணதாச இரண்டு துண்டு.
"இன்னும் இருக்கா அந்தச் சாமான்?"
சனிக்கிழமைவரை அதே கேள்வி.

கஜீபன் கரும்பலகையில் எழுதி வைத்தான்:
பீக்கான் பை, துண்டு நூற்றிருபது.
முதலாளிக்குப் பிடித்துவிட்டது.
"இங்க யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும், ஒன்றைத் தின்றவள்.

துணியை நனைத்து அழித்தேன்.
பீ போனது, க் போனது, கா போனது.
கடைசி ன்னில் கை நின்றது.
கச்சானுக்கும் அதுதானே.
அதை விட்டுவிட்டு முன்னால் எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் சாய்வு.

ஞாயிறு அக்காவுக்கு ஒரு துண்டு கொண்டுபோனேன்.
வெடித்த விரல்களால் வாங்கி,
உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி,
"நூற்றைம்பது கிராம்," என்றாள்.
கடைத் தராசில் நிறுத்துத்தான் வெட்டியிருந்தேன்:
நூற்று நாற்பத்தெட்டு.
சொன்னேன்.

"அந்த ரெண்டு கிராம் ஈரத்துக்கு,"
என்று ஓரத்திலிருந்து கடித்தாள்.